வீடு வாங்குமுன் எந்த சர்வே? மண்டபத்தூர் முதல் வாஞ்சூர் வரை கவனிக்க வேண்டியவை

வளைகுடாவில் பத்துப் பதினைந்து வருடம் உழைத்து அனுப்பிய பணம், உம்மாவின் நகை, மச்சானிடம் வாங்கிய கைமாற்று, இவையெல்லாம் சேர்ந்துதான் நம் குடும்பங்களில் ஒரு வீடாகிறது. அந்த வீட்டுக்கு விலை பேசி முடித்தவர்களிடம் "சர்வே பார்த்தாச்சா?" என்று கேட்டால், "பட்டா இருக்கு, ஈசி போட்டுப் பார்த்தாச்சு, வில்லங்கம் இல்லை" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. பட்டாவும் சர்வே அல்ல, வில்லங்கச் சான்றும் சர்வே அல்ல. இரண்டும் நிலத்தில் ஒருவர் கால் வைக்காமலேயே வாங்கிவிடக்கூடிய காகிதங்கள்.

சர்வே என்ற சொல் ஒன்றுதான் என்றாலும் அதன் பொருள் நாட்டுக்கு நாடு மாறுகிறது. லண்டனில் வீடு வாங்கும் நம் பிள்ளைகள் சர்வே என்று சொல்வது கட்டடத்தின் சோதனையை. ஆர்.ஐ.சி.எஸ். என்ற சர்வேயர்கள் அமைப்பு அதை மூன்று நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. புதிய, சாதாரண வீட்டுக்கு முதல் நிலை. ஓரளவு வயதான வீட்டுக்கு இரண்டாம் நிலை. மிகப் பழைய வீட்டுக்கும், இடித்து மாற்றிக் கட்டிய வீட்டுக்கும் மூன்றாம் நிலை. காரைக்கால் குடும்பங்களுக்குப் பழக்கமான பிரான்சில் விற்பவரே சோதனை அறிக்கைகளை எடுத்து வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். 1949க்கு முன் கட்டிய வீடு என்றால் பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்றும், 1997 ஜூலைக்கு முன் கட்ட அனுமதி பெற்றது என்றால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்றும் பார்த்திருக்க வேண்டும். கரையான் உள்ள பகுதி என அறிவிக்கப்பட்ட ஊர்களில் கரையான் அறிக்கையும் உண்டு.

நம் ஊரில் சர்வே என்றால் நில அளவை மட்டும்தான். கட்டடத்தைச் சோதித்து அறிக்கை கொடு என்று விற்பவரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இங்கே இல்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, விற்பவருக்குத் தெரிந்த முக்கியமான குறைகளை அவர் மறைக்கக் கூடாது என்கிறது. ஆனால் வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் குறைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பார்க்காமல் வாங்கியது உங்கள் பொறுப்பு என்று ஆகிவிடும்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வங்கிக் கடன் வாங்குபவர் வீட்டுப் பத்திரத்தை வங்கியின் வழக்கறிஞர் படிப்பார். வங்கியின் மதிப்பீட்டாளர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். அவர்கள் வங்கிக்காக வேலை செய்பவர்கள், அவர்கள் பார்ப்பது உங்களுக்கான சர்வே ஆகாது என்பது உண்மைதான். ஆனாலும் இரண்டு ஜோடிக் கண்கள் பார்க்கின்றன. வட்டியைத் தவிர்க்க நினைத்துக் கையில் உள்ள பணத்தில் வாங்கும் குடும்பத்துக்கு அந்த இரண்டு ஜோடிக் கண்களும் இல்லை. தரகரும் பத்திர எழுத்தரும் மட்டும்தான் இருப்பார்கள். அவர்கள் இருவருக்கும் வேலை முடிந்தால் சரி. அதனால் வங்கி செலவழித்திருக்கக்கூடிய அந்தத் தொகையை நாமே ஒதுக்கி, நமக்கென்று ஒரு வழக்கறிஞரையும் ஓர் அளவையாளரையும் ஒரு பொறியாளரையும் வைத்துக்கொள்வது ஆடம்பரம் அல்ல.

முன்பணம் கொடுக்கும் முன்பே மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். விற்பவருக்கு விற்கும் உரிமை முழுதாக இருக்கிறதா? பத்திரத்தில் எழுதிய நிலம் தரையில் எங்கே, எவ்வளவு? அதன் மேல் நிற்கும் கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது? ஒரு கேள்விக்கான ஆள் இன்னொரு கேள்விக்கு உதவ மாட்டார். வழக்கறிஞர் சுவரைத் தட்டிப் பார்க்க மாட்டார். சர்வேயருக்கு வாரிசு யார் என்று தெரியாது.

இரண்டு எண்கள்

காரைக்கால் பகுதிப் பத்திரங்களில் தமிழ்நாட்டுக்காரர்களைக் குழப்பும் ஒரு விஷயம், ஒரே நிலத்துக்கு இரண்டு எண்கள் இருப்பது. ஒன்று கதாஸ்தர் எண். இது பிரெஞ்சு ஆட்சிக்கால நில வரைபடத்திலிருந்து வந்தது. மற்றது ரீசர்வே எண், சுருக்கமாக ஆர்.எஸ். எண். இந்தியாவோடு இணைந்த பின் 1967ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டமும் 1970ஆம் ஆண்டின் செட்டில்மென்ட் சட்டமும் வந்தன. இன்று பட்டா, செட்டில்மென்ட் நகல், புலப்படம் எல்லாம் ஆர்.எஸ். எண்ணில்தான் கிடைக்கும். பழைய தாய்ப் பத்திரத்தில் கதாஸ்தர் எண் மட்டும் இருக்கும். இரண்டும் ஒரே நிலம்தானா என்று பொருத்திப் பார்ப்பதுதான் முதல் வேலை. தாத்தா காலத்து நோத்தேர் பத்திரம் பிரெஞ்சில் இருந்தால், தெரிந்தவரை வைத்து முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். "அது பழைய பேப்பர்" என்று ஒதுக்கிவிட வேண்டாம். நான்கு எல்லைகளும் அதில்தான் எழுதியிருக்கும்.

இன்னொன்று ஊர்ப் பெயர். மண்டபத்தூர் என்று நாம் வாயால் சொல்வது ஒன்று, ஆவணத்தில் வருவாய் கிராமம் என்று எழுதியிருப்பது வேறொன்றாக இருக்கலாம். எண் சரியாக இருந்து கிராமப் பெயர் தவறினால், வில்லங்கச் சான்று வேறு யாருடைய நிலத்துக்கோ வந்துவிடும். அதில் வில்லங்கம் இல்லை என்று இருப்பதைப் பார்த்து நாமும் நிம்மதியாகிவிடுவோம்.

பட்டா என்பது வரி யார் பெயரில் இருக்கிறது என்று சொல்லும் வருவாய்த்துறை ஆவணம். அது உரிமையைக் கொடுப்பதும் இல்லை, பறிப்பதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. பவர் பத்திரத்தை மட்டும் வைத்து வீடு கைமாறிவிட்டது என்று நினைப்பவர்களுக்கு 2011ஆம் ஆண்டின் சூரஜ் லாம்ப் வழக்கு பதில் சொல்கிறது. பவரும் விற்பனை ஒப்பந்தமும் உரிமை மாற்றம் ஆகாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும். வில்லங்கச் சான்றிலோ, பதிவானது மட்டும்தான் தெரியும். பதிவாகாதது எதுவும் அதில் வராது. நம் குடும்பங்களில் பதிவாகாதது நிறைய.

குழிக் கணக்கு

விற்பவர் "பத்துக் குழி மனை" என்பார். காவிரி டெல்டாவில் ஒரு குழி 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். புதுச்சேரிப் பக்கம் போனால் குழி என்பது 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. நான்கு மடங்கு வித்தியாசம். புதுச்சேரியிலிருந்து வரும் சம்பந்திக்கும் இங்குள்ள தரகருக்கும் இடையில் இந்த ஒரு சொல்லாலேயே பேரம் குழம்பலாம்.

அரசு ஆவணமோ ஹெக்டேர், ஆர், சென்டியார் கணக்கில் இருக்கும். ஒரு சென்டியார் என்பது ஒரு சதுர மீட்டர், 10.764 சதுர அடி. செட்டில்மென்ட் நகலில் 1 ஆர் 34 சென்டியார் என்று இருந்தால் 134 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,442 சதுர அடி. நம் பத்துக் குழி 1,440 சதுர அடி. பொருந்துகிறது. அதே இடத்தில் 1 ஆர் 10 சென்டியார் என்று இருந்தால் 1,184 சதுர அடிதான். காசு கொடுப்பது பத்துக் குழிக்கு, ஆவணத்தில் இருப்பது எட்டே கால் குழிக்கும் குறைவு. இந்தக் கணக்கைச் செல்போனில் போட இரண்டு நிமிடம் ஆகும்.

அளவு ஒன்று, எல்லை ஒன்று என்று பத்திரத்துக்குள்ளேயே முரண்பாடு இருந்தால், நீதிமன்றங்கள் பொதுவாக நான்கு எல்லைகளுக்குத்தான் முன்னுரிமை தருகின்றன. "1,440 சதுர அடி என்று எழுதியிருக்கிறதே" என்று பிறகு வாதாடிப் பயன் இல்லாமல் போகலாம். அதனால் எல்லை எழுதும்போது "வடக்கே தெரு" என்று விட்டுவிடாமல், பக்கத்து மனையின் ஆர்.எஸ். எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

மகளுக்குக் கொடுத்த வீடு

நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் சர்வேயும் சட்டமும் அதிகம் சிக்கலாவதும் இங்கேதான். வாப்பா ஒரு பெரிய மனையில் வீடு கட்டுகிறார். மூத்த மகளுக்கு முன்பாதி, இளைய மகளுக்குப் பின்பாதி என்று நடுவில் ஒரு சுவர் எழுப்புகிறார். பின்வீட்டுக்குப் போக ஓரமாக மூன்றடிச் சந்து. எல்லாம் வாய்ச்சொல்லில். இருபது வருடம் கழித்து இளைய மகளின் பிள்ளைகள் பின்வீட்டை விற்கிறார்கள். புலப்படத்தில் பார்த்தால் சுவரும் இல்லை, சந்தும் இல்லை. ஒரே ஆர்.எஸ். எண், வாப்பா பெயரிலேயே பட்டா.

இப்படிப்பட்ட வீட்டுக்கு எல்லைக்கல் காட்டும் சாதாரண அளவை போதாது. உட்பிரிவு அளவை வேண்டும். அதாவது நில அளவைத் துறை வந்து சுவர் இருக்கும் கோட்டை அளந்து, ஒரே எண்ணை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி விஸ்தீரணம் எழுத வேண்டும். சந்து யாருடைய பங்கில் வருகிறது, மற்றவருக்கு நடைபாதை உரிமை உண்டா, மழைநீர் எங்கே வடிகிறது என்பதும் அப்போதே பத்திரத்தில் ஏற வேண்டும். அக்காவும் தங்கையும் உறவாக இருக்கும்வரை சந்து ஒரு பிரச்சினையே இல்லை. வெளியார் ஒருவர் வாங்கி வந்த அடுத்த மாதம் அங்கே கதவு போட்டுப் பூட்டு தொங்கும்.

அடுத்தது ஹிபா. கொடுக்கிறேன் என்று சொல்வது, பெற்றுக்கொண்டேன் என்று ஏற்பது, கைவசம் ஒப்படைப்பது ஆகிய மூன்றும் நிறைவேறினால் வாய்மொழி ஹிபாவே செல்லும். 2011ஆம் ஆண்டு ஹஃபீஸா பீவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அப்படிக் கொடுத்ததை எழுதி வைத்த காகிதம் பதிவாகாமல் இருப்பதாலேயே ஹிபா செல்லாது என்று ஆகிவிடாது என்றும் சொன்னது. இது நம் பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. வாங்க வருபவருக்கோ கண்ணுக்குத் தெரியாத குழி. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கும், ஆனால் வீடு ஏற்கெனவே ஒரு மகளுக்குப் போயிருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது. ஒருவர் குடியிருந்தால், அவருக்கு இருக்கும் உரிமை வாங்குபவருக்குத் தெரியும் என்றே சொத்து மாற்றுச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. "அது லாத்தா, சும்மா இருக்காங்க" என்று விற்பவர் சொன்னால், அந்த லாத்தாவிடமே நேரில் கேட்டு, அவரையும் பத்திரத்தில் கையெழுத்திடச் சொல்லுங்கள்.

வாரிசுப் பங்கு பற்றியும் ஒரு கணக்கு. ஒருவர் மனைவி, இரண்டு மகன்கள், மூன்று மகள்களை விட்டு இறக்கிறார், பெற்றோர் உயிருடன் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி ஏழு பங்கில் மகன்களுக்கு இரண்டிரண்டு, மகள்களுக்கு ஒவ்வொன்று. இரண்டு காக்காமாரும் சேர்ந்து வந்து வீட்டை முழுதாக விற்கிறோம் என்றால், அவர்கள் கையில் இருப்பது எட்டில் நான்கு, அதாவது பாதி வீடு. உம்மாவும் மூன்று தங்கைகளும் கையெழுத்திடாத பத்திரம் பாதிப் பத்திரம்தான், பட்டா காக்கா பெயரில் இருந்தாலும். குடும்பத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் இருந்தால் வாரிசுச் சட்டம் வேறு மாதிரி வரக்கூடும். அங்கே ஊர்ப் பெரியவர் சொல் போதாது, வழக்கறிஞரைக் கேட்டே ஆக வேண்டும்.

அரசு சர்வேயரா, தனியார் சர்வேயரா?

இரண்டும் வேண்டும், ஆனால் வெவ்வேறு நேரத்தில். விலை பேசும் கட்டத்தில் தனியார் அளவையாளர் போதும். டோட்டல் ஸ்டேஷன் கருவியோடு அரை நாளில் அளந்து வரைபடம் கொடுப்பார். சுவர் எங்கே, சன்னல் வெயில்தடுப்பு பக்கத்து மனைக்குள் எத்தனை அங்குலம் நீட்டியிருக்கிறது, தெரு உண்மையில் எத்தனை அடி என்றெல்லாம் தெரிந்துவிடும். பேரத்துக்கு இது உதவும். ஆனால் அது உங்கள் தகவலுக்கான வரைபடம்தான், அரசுப் பதிவேட்டில் எதையும் மாற்றாது.

அரசு அளவைக்கு, செட்டில்மென்ட் நகலும் புலப்படமும் வைத்து நில அளவைத் துறையில் விற்பவர் பெயரில் மனுச் செய்ய வேண்டும். பக்கத்து நிலக்காரர்களுக்குத் தகவல் கொடுத்து அவர்கள் முன்னிலையில் அளப்பதுதான் இதன் பலம். அவர்கள் ஆட்சேபித்தால் அது இப்போதே வெளிவரட்டும், நாம் பணம் கொடுக்கும் முன். புலப்படம் என்பது நிலத்தின் குறுக்கே ஓர் அடிக்கோடு போட்டு, அதிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் எத்தனை மீட்டர் என்று குறித்த படம். தரையில் பழைய கல் இரண்டு மூன்றாவது கிடைத்தால்தான் அதிலிருந்து மற்ற மூலைகளைப் பிடிக்க முடியும். கடலோர மணலில் கற்கள் புதைந்திருக்கும். 2004 சுனாமிக்குப் பின் பல இடங்களில் அடையாளங்களே மாறிவிட்டன. கல் கிடைக்காத இடத்தில் "இந்த வேலிதான் எல்லை" என்று சொல்வதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். ஒரு சாண் நிலத்தை அபகரிப்பது பற்றிய ஹதீஸை நாம் குத்பாக்களில் அடிக்கடி கேட்கிறோம். வேலியைத் தள்ளிப் போட்டவரிடமிருந்து வாங்கினால், அந்தச் சாணும் நம்மிடம்தான் வந்து சேரும்.

செல்போன் செயலியில் நடந்து அளப்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். செல்போன் ஜி.பி.எஸ். சில மீட்டர் பிழை காட்டும். வயலுக்குச் சுமாராகப் பார்க்கலாம். முப்பதடி முகப்புள்ள மனையில் அந்தப் பிழையே மனையின் கால்பங்கு.

2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய சுவாமித்வா திட்டத்தில் கிராமக் குடியிருப்புகளை ட்ரோன் மூலம் அளந்து சொத்து அட்டை தயாரித்திருக்கிறார்கள். புதுச்சேரியும் அதில் சேர்ந்தது. வாங்கும் வீட்டுக்கு அப்படி ஓர் அட்டை இருக்கிறதா என்று கேட்டு, அதில் உள்ள உருவத்தையும் புலப்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், ஏன் என்று விற்பவர்தான் விளக்க வேண்டும்.

எந்த நகலானாலும் விற்பவர் கையிலிருந்து வாங்காமல் அலுவலகத்திலிருந்து நேரடியாக எடுங்கள். காரைக்கால் கோயில்பத்து பார்வதீஸ்வரர் கோயில் நிலத்தைப் போலி ஆவணம் காட்டி மனைகளாக விற்றதாக 2024ஆம் ஆண்டு பதிவான வழக்கில் அரசு அதிகாரியும் கைதானார். மனைப் பிரிவு வரைபடம், நட்ட கற்கள், முத்திரை எல்லாம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். மனைப் பிரிவு என்றால் காரைக்கால் திட்டக் குழுமத்தின் அனுமதி எண்ணைக் கேட்டு, அங்கேயே போய்ச் சரிபாருங்கள்.

வக்ஃப் நிலமும் இதே கதைதான். ஒருமுறை வக்ஃப் ஆனது என்றும் வக்ஃப்தான் என்று 1998ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. பள்ளிவாசல், தர்கா, கபரஸ்தானை ஒட்டிய மனை என்றால் வக்ஃப் வாரியப் பட்டியலையும் ஜமாஅத் பதிவேட்டையும் பாருங்கள். வக்ஃப் சொத்துக்கும் தனியாக ஒரு சர்வே உண்டு. முன்பு அதற்கென்று சர்வே ஆணையர் இருந்தார். 2025 திருத்தச் சட்டம் அந்தப் பொறுப்பை ஆட்சியரிடம் கொடுத்துவிட்டது. 2025 ஜூனில் தொடங்கிய உம்மீத் தளத்தில் சொத்துகள் பதிவேற்றப்படுகின்றன. அதிலும் அந்த ஆர்.எஸ். எண்ணைத் தேடுங்கள்.

கடலுக்கு எத்தனை மீட்டர்?

மண்டபத்தூர், காளிக்குப்பம் போன்ற கரையோர ஊர்களில் வாங்குபவர்களுக்கு இது தனிக் கேள்வி. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கிராமப் பகுதிகளில் அதற்குள் கட்டுமானம் கூடாத பகுதி என்று ஒன்று உண்டு. 2011 அறிவிக்கையில் அது 200 மீட்டர். 2019 அறிவிக்கை, 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் பகுதிகளில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. மற்ற இடங்களில் 200 மீட்டரே. ஆனால் அந்தப் பகுதிக்கான கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் 2019 அறிவிக்கையின்படி அங்கீகரிக்கப்பட்ட பிறகுதான் இந்தச் சலுகை. "இப்போ 50 மீட்டர்தான், கவலைப்படாதீங்க" என்று தரகர் சொன்னால், எந்த வரைபடத்தில் என்று கேளுங்கள்.

உயர் அலைக்கோடு என்பது நாம் கரையில் நின்று பார்க்கும் அலை அல்ல. அரசு அங்கீகரித்த நிறுவனம் அளந்து வரைந்த கோடு. 1:3960 அளவுள்ள கிராம வரைபடத்தில் சர்வே எண்களோடு அது இருக்கும். உங்கள் ஆர்.எஸ். எண் அந்தக் கோட்டிலிருந்து எங்கே விழுகிறது என்பதைப் புதுச்சேரி கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். கடல் தெரியாத வீட்டுக்கும் இது பொருந்தும். உப்புநீர் ஏறி இறங்கும் ஆற்றின், வாய்க்காலின் ஓரமும் இதே மண்டலத்தில் வரும்.

இதில் பணம் எப்படிப் போகும் என்று பாருங்கள். கட்டுமானம் கூடாத பகுதியில் ஏற்கெனவே அனுமதியோடு உள்ள வீட்டைப் பழுது பார்க்கலாம், அதே அளவில் திரும்பக் கட்டலாம். பழைய ஓட்டு வீட்டை மனை விலைக்கு வாங்கி, இடித்து, இரண்டு மாடி கட்டி மகள்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்ற திட்டம் அங்கே நடக்காது. சுனாமிக்குப் பின் கொடுக்கப்பட்ட வீடோ அரசு இலவச மனையோ என்றால், ஒதுக்கீட்டு உத்தரவில் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று படியுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு வார்த்தை. வெளிநாடு வாழ் இந்தியரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவரும் வீடு வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது. டெல்டாவில் மனை என்று விற்கப்படுவது செட்டில்மென்ட் நகலில் நஞ்சை என்றே இருக்கக்கூடும். துபாயில் இருக்கும் பிள்ளை பெயரில் பத்திரம் போடும் முன் அந்த ஒரு கட்டத்தைப் பாருங்கள்.

கட்டடத்தின் உடம்பு

பெயின்ட் அடித்த வீடு எதையும் காட்டாது. விற்பனைக்கு முன் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் நான் இன்னும் ஒருமுறை கூடுதலாகப் பார்ப்பேன். கடலோரத்தில் கான்கிரீட்டின் முதல் எதிரி உப்பு. காற்றிலும், நிலத்தடி நீரிலும், கட்டும்போது கலந்த தண்ணீரிலும், சில இடங்களில் மணலிலும் உப்பு இருக்கிறது. கம்பியை அது துருப்பிடிக்க வைக்கிறது. துரு ஊதும்போது கான்கிரீட் பிளந்து விழுகிறது. கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட் குறைந்தது எம்30 தரம், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடு கனம் என்பது இந்தியத் தரக்குறியீடு 456 சொல்வது. கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வீட்டுக் கிணற்று உப்புத் தண்ணீரிலேயே கலந்து கட்டிய வீட்டின் வயதை இந்த ஒரு விஷயமே பாதியாக்கிவிடும்.

நீங்களே பார்க்கக்கூடியவை சில. தளத்தின் அடிப்பக்கத்தில் நேர்கோடாக ஓடும் விரிசலும் பழுப்புக் கறையும், கம்பி துருப்பிடிக்கிறது என்பதன் அடையாளம். ஒரு சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் சில இடங்களில் பொக்கென்று சத்தம் வரும். அங்கே கான்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்துவிட்டது. சன்னல் வெயில்தடுப்பு, பால்கனி ஓரம், மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடி ஆகிய மூன்று இடங்களில் முதலில் தெரியும். சுவரின் அடியில் இரண்டு மூன்றடி உயரம் வரை உப்புப் பூத்திருந்தால் நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறது. மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், ஒருமுறை போய்ப் பாருங்கள். சித்திரையில் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். கழிவுத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி எவ்வளவு என்றும் கேளுங்கள்.

இவை தெரிந்தால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்தே ஆக வேண்டும். சுத்தியல் சோதனை, ஒலி அலைச் சோதனை, கம்பியின் துரு அளவைச் சோதிப்பது என்று அவரிடம் வழிகள் உண்டு. பத்து வயதுக்குட்பட்ட, ஒழுங்கான அனுமதி வரைபடத்தோடு கட்டிய ஒற்றை மாடி வீட்டுக்கு இவ்வளவும் தேவைப்படாது. அனுபவமுள்ள பொறியாளர் ஒருமுறை சுற்றிப் பார்த்தால் போதும். முற்றம் வைத்த, மெட்ராஸ் ஒட்டுத் தளமும் தேக்கு உத்தரமும் உள்ள பழைய வீட்டுக்கு ஆழமான சோதனையே சரி. உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையைத்தான் கரையான் முதலில் தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் மரம் முழுதாகவே தெரியும். கீழ்வீட்டின் மேல் பிறகு மாடி எழுப்பிய வீடு எந்த வயதானாலும் அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 2018 நவம்பரில் வந்த கஜா புயலில் இந்த வீட்டுக்கு என்ன ஆனது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், விற்பவரிடம் அல்ல.

நண்டலாற்றைத் தாண்டினால்

பொறையார், தரங்கம்பாடி பக்கம் வாங்குபவர்களுக்கு அலுவலகங்களே மாறிவிடும். அங்கே கதாஸ்தர் கிடையாது. பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவை தமிழ்நாடு வருவாய்த்துறையிலும், வில்லங்கச் சான்று தமிழ்நாடு பதிவுத்துறை இணையத்திலும் கிடைக்கும். குடியிருப்புப் பகுதி நத்தமாக இருந்தால் நத்தம் பட்டாவைக் கேளுங்கள்.

எங்கே வாங்கினாலும் ஒப்பந்தம் எழுதும்போது ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அரசு அளவையில் விஸ்தீரணம் குறைந்தால் குறைந்த அளவுக்கு விலை குறையும் என்றும், உரிமையில் குறை வந்தால் முன்பணம் இத்தனை நாளில் திரும்பும் என்றும். முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் தடை விதிக்கிறது, ரொக்கத்துக்குச் சாட்சியும் இருக்காது. அளந்த வரைபடத்தைக் கிரயப் பத்திரத்தோடு இணைத்து, இருதரப்பும் அதிலும் கையெழுத்திட வேண்டும். பதிவு முடிந்த கையோடு பட்டா மாற்றத்துக்கும், தேவைப்பட்டால் உட்பிரிவுக்கும் மனுப் போட்டு, ரசீதைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். வீடு யார் பெயரில், பணம் யாருடையது, அதில் உம்மாவின் நகை எவ்வளவு என்பதையும் ஒரு தாளில் எழுதி, கொடுத்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, அதே கோப்பில் வையுங்கள். அடுத்த முறை இந்த வீட்டுக்கு சர்வே கேட்டு வரப்போவது உங்கள் பிள்ளைகள்.